வட கொரிய ஏவுகணைகள் யாருடைய கைவேலை?

2017 நவம்பர் 29 அன்று விடியுமுன் வட கொரியா ஏவிய ஹ்வாசாங்-15 ஏவுகணை 4,475 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டு, 53 நிமிடம் பறந்து, கிளம்பிய இடத்திலிருந்து 950 கிலோமீட்டர் தள்ளி ஜப்பான் கடலில் விழுந்தது. வேண்டுமென்றே செங்குத்தாக ஏவப்பட்ட அதைச் சாதாரணப் பாதையில் செலுத்தியிருந்தால் 13,000 கிலோமீட்டர் போயிருக்கும் என்று அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் ரைட் உடனே கணக்கிட்டார். அமெரிக்கப் பெருநிலம் முழுவதும் அந்தத் தொலைவுக்குள் அடங்கும். உண்மையான அணு ஆயுதத்தின் எடையைச் சுமந்தால் அவ்வளவு தூரம் போகாது என்ற எச்சரிக்கையையும் அவர் சேர்த்தே சொன்னார்.

1990-களின் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோரைப் பறிகொடுத்த நாடு அது. 2006 முதல் 2017 வரை ஐ.நா. பாதுகாப்பு அவையின் தடைகள் ஒன்றன் மேல் ஒன்றாக அதன் மீது விழுந்தன. அப்படிப்பட்ட நாடு கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையை எப்படிச் செய்தது? இந்தக் கேள்வி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விவாதத்தில் இருக்கிறது. பழைய சோவியத் ஏவுகணையைப் பிரித்துப் பார்த்துத் தாமே செய்யக் கற்றார்கள் என்பது ஒரு விடை. செய்யவே இல்லை, சோவியத்திடமும் பின்னர் ரஷ்யாவிடமும் வாங்கிப் பெயர் மாற்றினார்கள் என்பது இன்னொன்று. வாங்கியது எவ்வளவாக இருந்தாலும் இன்று உற்பத்தி அவர்கள் கையில்தான் என்பது மூன்றாவது.

இது ஆய்வாளர்கள் தங்களுக்குள் நடத்தும் வெறும் வாதம் அல்ல. வாங்கியவை என்றால் விற்பவரைத் தடுத்தால் போதும். கையிருப்பு தீர்ந்ததும் அச்சுறுத்தல் அடங்கிவிடும். சொந்த உற்பத்தி என்றால் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. ஒவ்வொரு விடையின் பின்னாலும் ஒரு கொள்கை முடிவு நிற்கிறது. விவாதத்தின் சூடு பெரும்பாலும் அதிலிருந்தே வருகிறது என்பது என் கருத்து.

எகிப்து வழியே வந்த ஸ்கட்

நெடுநாள் பாடப்புத்தகம் போல ஏற்கப்பட்டிருந்த வரலாற்றை விரிவாகத் தொகுத்தவர் ஜோசப் பெர்முடெஸ். 1999-இல் வெளியான அவரது ஆய்வின்படி, 1960-களில் மாஸ்கோ வட கொரியாவுக்கு விமான எதிர்ப்பு ஏவுகணைகளையும் குறுந்தூர ராக்கெட்டுகளையும் கொடுத்தது. ஸ்கட் ஏவுகணையைக் கொடுக்கவில்லை. 1970-களில் சீனாவுடன் சேர்ந்து டிஎஃப்-61 என்ற ஏவுகணையை உருவாக்கும் முயற்சி நடந்தது என்றும், சீன அரசியல் மாற்றங்களில் அது 1978-இல் கைவிடப்பட்டது என்றும் சொல்லப்படுகிறது. அதன் பிறகு கதவைத் திறந்தது எகிப்து. 1973 அரபு-இஸ்ரேல் போரில் எகிப்துக்காக வட கொரிய விமானிகள் பறந்திருந்தார்கள். சோவியத்துடன் உறவு முறிந்த கெய்ரோ, தன்னிடமிருந்த ஸ்கட்-பி ஏவுகணைகளில் சிலவற்றை பியோங்யாங்குக்கு அனுப்பியது.

ஸ்கட்-பி எளிமையான ஆயுதம். மண்ணெண்ணெய் வகை எரிபொருளும் நைட்ரிக் அமிலமும் கலந்து எரியும் ஒரே என்ஜின். ஏறக்குறைய ஒரு டன் வெடிமுனை. 300 கிலோமீட்டர் தூரம். வட கொரியப் பொறியாளர்கள் அதைத் திருகாணி வரை பிரித்து, அளந்து, வரைந்து, 1984-இல் தங்கள் சொந்தப் பிரதியைப் பறக்கவிட்டார்கள் என்பது இந்த வரலாறு. அதற்கு ஹ்வாசாங்-5 என்று பெயர். 1987-88-இல் ஈரான் ஏறக்குறைய நூறு ஏவுகணைகளை வாங்கி ஈராக்கிய நகரங்கள் மீது வீசியது. அடுத்து எரிபொருள் கலத்தை நீட்டி வெடிமுனையை இலேசாக்கியதும் தூரம் 500 கிலோமீட்டர் ஆனது, அது ஹ்வாசாங்-6. பிறகு உடலையும் என்ஜினையும் பெரிதாக்க, ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் போகும் நோடாங் வந்தது. ஜப்பானின் பெரும்பகுதி அதன் எல்லைக்குள் வந்தது.

படிப்படியாக ஏறும் இந்த வரலாற்றுக்கு இயல்பான கவர்ச்சி உண்டு. ஆனால் இதில் பெரும்பகுதி, தப்பி வந்தவர்கள் சொன்னவற்றையும் உளவு அமைப்புகள் கசியவிட்டவற்றையும் நம்பி எழுதப்பட்டது. தொழில்நுட்பத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. ஒரு என்ஜினை அளந்தால் அதன் வடிவம் தெரியும். எந்த உலோகக் கலவையை எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் பதப்படுத்தினார்கள், நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் பம்பின் இடுக்கை எவ்வளவு நுட்பமாகக் கடைந்தார்கள் என்பதெல்லாம் அளவுகோலில் தெரிவதில்லை. அது தொழிற்சாலையின் அறிவு. அந்த அறிவு வட கொரியாவுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பெர்முடெஸின் வரலாற்றில் தெளிவான பதில் இல்லை.

ஒரே சோதனையில் ஓர் ஏவுகணையா?

அந்த இடைவெளியைக் குறிவைத்துத் தாக்கியவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த ராபர்ட் ஷ்முக்கரும் மார்கஸ் ஷில்லரும். ஷில்லர் 2012-இல் ராண்ட் நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை இந்தப் பார்வையின் மிக முழுமையான வடிவம். அவர்களுடைய முக்கியச் சான்று, நடந்ததாகச் சொல்லப்படுவதற்கும் உண்மையில் நடந்த சோதனைகளுக்கும் உள்ள பொருத்தமின்மை. எந்த நாடும் புதிய ஏவுகணை ஒன்றைப் பல முறை ஏவி, பல முறை தோற்று, திருத்தித்தான் படையில் சேர்த்திருக்கிறது. அமெரிக்காவும் சோவியத்தும் இதற்கு விலக்கல்ல. வட கொரியாவோ 1984-இல் சில முறை ஏவிவிட்டு ஸ்கட் பிரதியை ஏற்றுமதியே செய்தது. நோடாங் 1993 மே மாதம் பறந்தது; ஏறக்குறைய 500 கிலோமீட்டர் போனது. சொல்லும்படியான வேறு சோதனை இல்லாமலே அது படையிலும் சேர்ந்தது, வெளிநாட்டுக்கும் விற்கப்பட்டது. தோல்வியே இல்லாமல் கற்றுக்கொண்டவர் யாரும் இல்லை. ஆகவே அங்கே நடந்தது கற்றல் அல்ல, கொள்முதல் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள்.

இதற்கு வலுவூட்டும் நிகழ்ச்சி ஒன்றும் இருக்கிறது. சோவியத் உடைந்த மறு ஆண்டு, 1992-இல், நீர்மூழ்கிக் கப்பல் ஏவுகணைகளை வடிவமைத்த மகேயெவ் நிலையத்தின் பொறியாளர்கள் பலர் குடும்பத்தோடு பியோங்யாங் செல்லக் கிளம்பியபோது மாஸ்கோ விமான நிலையத்தில் தடுக்கப்பட்டார்கள். சம்பளம் நின்றுபோன அந்த நாள்களில் தடுக்கப்படாமல் போனவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு பொதுவெளியில் இல்லை.

ஷில்லரின் வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. 2012 ஏப்ரல் அணிவகுப்பில் பதினாறு சக்கர வண்டிகளில் வந்த நெடுந்தூர ஏவுகணைகளைப் படம் படமாக ஒப்பிட்டு, ஒன்றுக்கொன்று பொருந்தாத வெறும் மாதிரிகள் அவை என்று ஷில்லரும் ஷ்முக்கரும் சில நாள்களிலேயே எழுதினார்கள். அன்று காட்டிய வடிவம் ஒருபோதும் பறக்கவில்லை. அந்தக் கணிப்பு பலித்தது. வண்டிகள்கூட மரம் ஏற்றுவதற்கென்று சொல்லிச் சீனாவில் வாங்கப்பட்டவை என்று பின்னர் ஐ.நா. நிபுணர் குழு பதிவு செய்தது.

ஆனாலும் இந்தப் பார்வையில் இரண்டு ஓட்டைகள் உண்டு. நோடாங்கை ஒத்த சோவியத் ஏவுகணை எதுவும் பொதுவெளி ஆவணங்களில் தென்படவில்லை. வாங்கிய பொருள் என்றால் விற்றவரிடம் அது இருந்திருக்க வேண்டுமே? இரண்டாவது ஓட்டை இதைவிடப் பெரியது. வட கொரியாவின் மண்ணில் நடந்த சோதனைகளை மட்டும் எண்ணினால் கணக்கு குறையத்தான் செய்யும். 1998 ஏப்ரலில் பாகிஸ்தான் ஏவிய கௌரியும், அதே ஆண்டு ஜூலையில் ஈரான் ஏவிய ஷஹாப்-3-உம் நோடாங்கின் உடன்பிறப்புகள். வாங்கியவர்கள் ஏவியபோதெல்லாம் விற்றவருக்கும் பாடம் கிடைத்திருக்கக்கூடும். ஒரு நாட்டின் சோதனைப் பட்டியலை அதன் எல்லைக்கோட்டோடு நிறுத்தியது இந்த வாதத்தின் அடிப்படைக் குறை என்று தோன்றுகிறது.

காண்ட்லா துறைமுகத்தில்

இந்த விவாதத்தின் அரிதான கைப்பொருள் சான்றுகளில் ஒன்று இந்தியாவில் கிடைத்தது. 1999 ஜூனில், கார்கில் போர் நடந்துகொண்டிருந்தபோது, சர்க்கரை இறக்குவதற்காக குஜராத்தின் காண்ட்லா துறைமுகத்துக்கு வந்த குவொல்சான் என்ற வட கொரியக் கப்பலைச் சுங்க அதிகாரிகள் சோதனையிட்டார்கள். நீர் சுத்திகரிப்புக் கருவிகள் என்று எழுதப்பட்டு, மால்டாவுக்குப் போவதாகக் காகிதத்தில் காட்டப்பட்ட பெட்டிகளில் ஏவுகணை உறுப்புகள் இருந்தன. கடைசல் இயந்திரங்களும் உலோக வேலைக் கருவிகளும் கட்டுக்கட்டாக ஸ்கட் வகை வரைபடங்களும் இருந்தன. சரக்கு போகவிருந்த இடம் பாகிஸ்தான் என்று இந்தியா கருதியது.

முழு ஏவுகணையை மட்டும் மறுவிற்பனை செய்பவர் கடைசல் இயந்திரத்தையும் வரைபடத்தையும் ஏன் கப்பலேற்ற வேண்டும்? பிறர் அங்கே வைத்துச் செய்துகொள்ளும்படி ஒரு தொழிற்சாலையையே விற்கும் நிலையில் பியோங்யாங் அன்றே இருந்தது என்பதைத்தான் இந்தச் சரக்கு காட்டுகிறது. அந்த வரைபடங்களின் மூலமே சோவியத்தாக இருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். அதை மறுக்கவும் முடியாது. ஆனால் மூலம் எதுவானாலும், அதைப் படித்து உற்பத்தி செய்யத் தெரிந்தவர்கள் விற்ற சரக்கு இது. கொள்முதல் வாதத்தின் கடுமையான வடிவம் காண்ட்லாவிலேயே அடிபட்டுவிட்டது என்று நான் கருதுகிறேன். மேற்கத்திய ஆய்வுகளில் இந்தச் சரக்குக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

கடலடியிலிருந்து எடுத்த முதல் அடுக்கு

1998 ஆகஸ்ட் 31 அன்று டேபோடாங்-1 ஜப்பானைக் கடந்து பறந்தது. நோடாங் மேல் ஸ்கட்டை அடுக்கி, உச்சியில் சிறு திட எரிபொருள் மோட்டார் வைத்த மூன்றடுக்கு ராக்கெட் அது. செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் பாடுகிறது என்று பியோங்யாங் அறிவித்தது. வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. ஆறு வாரம் முன்னதாக அமெரிக்காவின் ரம்ஸ்ஃபெல்ட் குழு, தீர்மானித்துவிட்டால் ஏறக்குறைய ஐந்தே ஆண்டில் அமெரிக்காவைத் தொடும் ஏவுகணையை வட கொரியா செய்துவிட முடியும் என்று எச்சரித்திருந்தது. அந்தக் கணக்கு பொய்த்தது. 2006 ஜூலையில் டேபோடாங்-2 நாற்பது விநாடியளவில் சிதறியது. 2012 ஏப்ரலில், வெளிநாட்டுச் செய்தியாளர்களை வரவழைத்து ஏவிய உன்ஹா-3 ராக்கெட்டும் கடலில் விழுந்தது. தோல்வியை அரசே ஒப்புக்கொண்டது.

அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று உன்ஹா-3 ஒரு பொருளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அதன் முதல் அடுக்கின் பகுதிகளைத் தென் கொரியக் கடற்படை மஞ்சள் கடலின் அடியிலிருந்து தூக்கியது. ஊகம் முடிந்து பொருள் கையில் கிடைத்த தருணம் அது. உள்ளே நான்கு நோடாங் என்ஜின்கள் கொத்தாகக் கட்டப்பட்டிருந்தன. திசை திருப்பச் சிறிய என்ஜின்கள் துணைக்கு இருந்தன. எரிக்க உதவியது அதே பழைய நைட்ரிக் அமிலம். பற்றவைப்புகள் கையால் செய்யப்பட்டவை, சீரற்றவை. மின்னணு உறுப்புகள் சில பல நாட்டுச் சந்தைகளில் விலைக்குக் கிடைப்பவை. உடலும் கலமும் என்ஜினும் உள்ளூர் வேலை என்று தென் கொரிய ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

இரு தரப்பும் இதில் தமக்கானதைக் கண்டன. தொழில்நுட்பம் ஐம்பதாண்டுப் பழையது என்பது ஒரு தரப்பின் திருப்தி. அதை வைத்தே சுற்றுப்பாதையைத் தொட்டார்கள் என்பது மறு தரப்பின் கவலை. எனக்கு இதில் முக்கியமாகத் தெரிவது அந்தக் கைப்பற்றவைப்புதான். வாங்கிய பொருளில் அப்படியொரு தடம் இருக்காது.

தோல்விகளின் ஆண்டும் அதன் மறு ஆண்டும்

2011 டிசம்பரில் கிம் ஜாங் உன் பதவிக்கு வந்த பிறகு ஏவுதல்களின் எண்ணிக்கை பல மடங்கானது. தகப்பனார் பதினேழு ஆண்டுகளில் ஏவியதைவிட அதிகமாக மகன் ஒரே ஆண்டில் ஏவிய ஆண்டுகள் உண்டு. சோதனையே செய்யாதவர்கள் என்ற பழைய குற்றச்சாட்டு இத்தோடு செல்லாததாகிவிட்டது.

2016-இல் முசுடான் என்ற ஏவுகணையை ஏறக்குறைய எட்டு முறை ஏவினார்கள். ஜூன் 22 அன்று ஏவியது ஒன்றுதான் சரியாகப் பறந்தது. முசுடானின் மூலம் சோவியத்தின் ஆர்-27, நீர்மூழ்கியிலிருந்து ஏவும் ஏவுகணை. மகேயெவ் நிலையத்தின் படைப்பு என்பதால் 1992 விமான நிலையச் சம்பவம் மீண்டும் பேசப்பட்டது. எரிபொருள் கலத்துக்குள்ளேயே அமிழ்ந்திருக்கும் என்ஜின், ஸ்கட்டைவிட வீரியமான எரிபொருள் என்று எல்லாமே கடினமான வகை. அமெரிக்கா கணினி வழியே ஊடுருவி இந்தச் சோதனைகளைக் கெடுத்தது என்று 2017-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அதற்கான நேரடிச் சான்று பொதுவெளியில் இல்லை. கடினமான என்ஜினை அவசரமாக ஏவினால் தோல்விக்கு வேறு காரணம் தேட வேண்டியதும் இல்லை.

பிறகு ஒரு திருப்பம். 2017 மார்ச்சில் புதிய என்ஜின் ஒன்றைத் தரையில் எரித்துக் காட்டினார்கள். மே 14 அன்று அதைச் சுமந்த ஹ்வாசாங்-12 2,111 கிலோமீட்டர் உயரம் போனது. ஜூலை 4, ஜூலை 28 ஆகிய நாள்களில் ஹ்வாசாங்-14. நவம்பரில் ஹ்வாசாங்-15. ஓர் ஆண்டு முன்பு தொடர்ந்து தோற்றவர்கள், வேறொரு என்ஜினோடு வந்ததும் தொடர்ந்து வென்றது எப்படி?

இந்தக் கேள்வியிலிருந்து கொள்முதல் வாதத்தின் புதிய வடிவம் பிறந்தது. லண்டன் ஆய்வு நிறுவனமான ஐஐஎஸ்எஸ்-இன் மைக்கேல் எல்மன் 2017 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வில், அந்த என்ஜின் சோவியத் கண்டம் பாயும் ஏவுகணைகளில் இருந்த ஆர்டி-250 குடும்பத்தைச் சேர்ந்தது என்று வாதிட்டார். அது தயாரான இடங்களில் உக்ரைனின் யூஷ்மாஷ் ஆலையும் ஒன்று. கிழக்கு உக்ரைனில் போர் தொடங்கிய பிறகு நலிந்துபோன அந்த ஆலையிலிருந்தோ ரஷ்யாவிலிருந்தோ என்ஜின்கள் கடத்தப்பட்டிருக்கலாம் என்பது அவர் ஊகம். உக்ரைன் அரசு கடுமையாக மறுத்தது. அந்த உற்பத்தி 2001-லேயே நின்றது, போனதெல்லாம் ரஷ்யாவுக்கு என்றது. ஏவுகணை ரகசியங்களைத் திருட முயன்ற இரு வட கொரியர்களுக்குச் சில ஆண்டுகள் முன்பு உக்ரைனில் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டிருந்த செய்தியும் அப்போது மீண்டும் பேசப்பட்டது. முயற்சி நடந்ததற்கு அது சான்று. வெற்றி பெற்றதற்கு அல்ல.

எல்மனின் வடிவ ஒப்பீடு பலரால் ஏற்கப்பட்டது. கடத்தல் ஊகம் ஏற்கப்படவில்லை. வட கொரியா என்ஜினைத் தானே செய்யும் திறன் பெற்றிருக்கிறது என்று அமெரிக்க உளவு அதிகாரிகள் அதே மாதம் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். மூலத்தில் இரண்டு எரியறைகள் இருந்தன; ஹ்வாசாங்-12-இல் ஒன்றுதான், பக்கத்தில் நான்கு சிறு திசைமாற்றி என்ஜின்கள். ஹ்வாசாங்-15-இல் எரியறை மறுபடி இரண்டானது, என்ஜினே அசைந்து திசை மாற்றியது. ஓர் ஆண்டுக்குள் இத்தனை மாற்றம் செய்தவர்கள், என்ஜினை உள்ளும் புறமும் அறிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். அந்த அறிவு வரைபடமாக வந்ததா, ஆளாக வந்ததா, எந்த ஆண்டு வந்தது என்பவை இன்னும் விடையற்றவை.

திட எரிபொருளும் கார்கிவ் நகரில் விழுந்ததும்

திரவ எரிபொருள் ஏவுகணையைப் பொதுவாக ஏவுமுன் நிரப்ப வேண்டும். அந்த நேரத்தில் எதிரி பார்த்துவிடலாம். திட எரிபொருள் ஏவுகணை நிரப்பியபடியே காத்திருக்கும். ஹ்வாசாங்-18 இப்படிப்பட்ட முதல் வட கொரியக் கண்டம் பாயும் ஏவுகணை. 2023-இல் ஏப்ரல், ஜூலை, டிசம்பர் என மூன்று முறை பறந்தது. ஜூலையில் 6,648 கிலோமீட்டர் உயரம், 74 நிமிடம். 2024 அக்டோபர் 31 அன்று ஹ்வாசாங்-19 7,687 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டது.

ஹ்வாசாங்-18 ரஷ்யா கொடுத்த ஏவுகணை என்று எம்ஐடி பேராசிரியர் தியடோர் போஸ்டல் 2023 ஆகஸ்டில் வாதிட்டார். பழைய வாதம் மூன்றாம் முறையாகத் தலைகாட்டியது. இம்முறை அது வெகுநாள் நிற்கவில்லை. 2016-இல் நீர்மூழ்கியிலிருந்து ஏவிய புக்குக்சாங்-1, மறு ஆண்டு தரைவழி புக்குக்சாங்-2, 2022 டிசம்பரில் 140 டன் உந்துவிசை கொண்ட மோட்டாரின் தரைச் சோதனை என்று படிகள் வெளிப்படையாகவே தெரிந்தன. பரிமாணங்களும் ரஷ்ய ஏவுகணையோடு பொருந்தவில்லை என்று பலர் காட்டினார்கள். நோடாங் விஷயத்தில் இல்லாமல் இருந்த கற்றலின் தடம் இங்கே கண்ணெதிரே கிடக்கும்போது, அதையும் மறுப்பது பிடிவாதமாகவே படுகிறது.

உள்ளே இருப்பவை எங்கிருந்து வருகின்றன என்பதற்கு உக்ரைன் போர் ஒரு கொடிய வாய்ப்பைத் தந்தது. 2024 ஜனவரி 2 அன்று ரஷ்யா உக்ரைனின் கார்கிவ் நகர் மீது ஏவிய ஏவுகணையின் சிதைவுகளை, ஆயுதங்களின் மூலத்தைத் தேடும் கான்ஃப்ளிக்ட் ஆர்மமென்ட் ரிசர்ச் அமைப்பு நேரில் ஆராய்ந்தது. வட கொரியாவின் குறுந்தூர திட எரிபொருள் ஏவுகணை என்று அடையாளம் கண்டது. 290-க்கும் மேற்பட்ட வெளிநாட்டு மின்னணு உறுப்புகள் அதில் இருந்தன. நான்கில் மூன்று பங்கு அமெரிக்கத் தொடர்புடைய நிறுவனங்களின் பெயர் தாங்கியவை. பெரும்பாலானவை 2021-க்கும் 2023-க்கும் இடையே தயாரானவை. தடைகள் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை. உடல், என்ஜின், எரிபொருள் சொந்தம். மூளை சந்தையில் வாங்கியது. யாருடைய கைவேலை என்ற கேள்விக்கு இதைவிடத் துல்லியமான விடை இதுவரை கிடைக்கவில்லை.

முதல் மாதங்களில் உக்ரைன் மீது ஏவிய வட கொரிய ஏவுகணைகளில் ஏறக்குறைய பாதி திசை மாறியோ வானிலேயே வெடித்தோ போயின என்று உக்ரைன் வழக்கறிஞர் அலுவலகம் சொன்னது. ஓர் ஆண்டுக்குப் பின், குறி தவறும் தூரம் கிலோமீட்டரிலிருந்து நூறு மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிட்டது என்று உக்ரைன் தரப்பு தெரிவித்தது. போரில் ஒரு பக்கத்தின் கூற்று என்ற எச்சரிக்கையோடுதான் இதைப் படிக்க வேண்டும். உண்மையானால், வேற்று நாட்டு மக்களின் வீடுகள் மீது நடந்த சோதனைகளிலிருந்து ஏவுகணை திருத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். இதை எழுதும்போது மனம் கனக்கிறது.

திரும்பி வரும் முனை

தூரத்தைப் பற்றிய சர்ச்சை ஓய்ந்துவிட்டது. வெடிமுனை உயிரோடு திரும்புமா என்பதில்தான் இன்று உண்மையான கருத்து வேறுபாடு. கண்டம் பாயும் ஏவுகணையின் முனை விநாடிக்கு ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்துக்குள் நுழைகிறது. மேலுறை பல ஆயிரம் டிகிரியில் எரிந்து கரைகிறது. 2017 ஜூலை 28 சோதனையின்போது ஹொக்கைடோவில் ஜப்பானியத் தொலைக்காட்சி நிலையத்தின் கேமரா ஒன்றில் வானிலிருந்து ஒளிர்ந்து இறங்கும் பொருள் பதிவானது. கடலை எட்டுமுன் அது மங்கிச் சிதறியதாகக் கண்ட எல்மன், முனை தாங்கவில்லை என்றார். ஏற்றிய பொருள் இலேசானதாக இருந்திருக்கலாம், ஒரு காணொளியை வைத்து முடிவு கட்டலாகாது என்று மற்றவர்கள் மறுத்தார்கள்.

அடிப்படைச் சிக்கல் பாதையில் இருக்கிறது. செங்குத்தாக விழும் முனை அடர்ந்த காற்றை மிக வேகமாகக் கிழித்து இறங்குகிறது; வெப்பம் கடுமையாக இருந்தாலும் குறைந்த நேரமே நீடிக்கிறது. சாதாரணப் பாதையில் சாய்வாக நுழைவது நீண்ட நேரம் வெந்துகொண்டே வரும். முதல் சோதனையில் தேறியது இரண்டாவதிலும் தேறும் என்று சொல்ல முடியாது. வட கொரியா தன் கண்டம் பாயும் ஏவுகணை எதையும் சாதாரணப் பாதையில் முழு தூரம் ஏவியதில்லை. இரு பக்கமும் கடல் சூழ்ந்த சிறிய நாடு அப்படி ஏவினால் அது பசிபிக்கின் நடுவில்தான் விழும்; போர்த் தொடக்கம் என்று அமெரிக்கா தவறாகப் புரிந்துகொள்ளும் ஆபத்தும் அதில் உண்டு. ஒரே ஏவுகணையில் பல முனைகளை 2024 ஜூன் 26 அன்று வெற்றிகரமாகப் பிரித்ததாக பியோங்யாங் சொன்னது. அது வெடித்துச் சிதறியது என்று தென் கொரியா சொன்னது. இரண்டில் எது சரி என்பதை மூன்றாம் தரப்பு உறுதிசெய்யவில்லை.

இன்றைய நிலை

முப்பதாண்டு விவாதத்தைச் சேர்த்துப் பார்க்கும்போது, கேள்வியை ஒற்றைக் கேள்வியாகக் கேட்டதே பெரிய தவறு என்று தெரிகிறது. 1993-க்குப் பொருந்தும் விடையை 2023-க்கும் நீட்டினார்கள். என்ஜினைப் பற்றிய சான்றை மொத்த ஏவுகணைக்கும் ஏற்றினார்கள். நோடாங் காலத்தில் சோவியத் கை கணிசமாக இருந்திருக்க வேண்டும் என்ற ஷில்லரின் ஐயம் இன்றும் தீரவில்லை. அதிலிருந்து அவர் எட்டிய பெரிய முடிவு, எல்லாம் வெறும் மிரட்டல் என்பது, நிலைக்கவில்லை. மறுபுறம், எல்லாம் எங்கள் சுயசார்பு என்ற பியோங்யாங்கின் பிரசாரமும் கார்கிவ் சிதைவுகளின் முன்னால் நிற்காது.

இரவலில் தொடங்குவது வட கொரியாவுக்கு மட்டும் உரியதும் அல்ல. ஜெர்மனியின் வி-2 ஏவுகணையையும் அதைச் செய்தவர்களையும் எடுத்துக்கொண்டுதான் அமெரிக்காவும் சோவியத்தும் தொடங்கின. சோவியத் ஆர்-2-இன் பிரதியைத்தான் சீனா 1960-இல் முதலில் ஏவியது. அவற்றின் திறனை யாரும் அந்தத் தொடக்கத்தை வைத்து அளப்பதில்லை.

முனையின் தாங்குதிறன், பல முனைகளைப் பிரிக்கும் நுட்பம், துல்லியம் ஆகிய மூன்றும் இன்று திறந்திருக்கும் கேள்விகள். நான்காவதாக ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் புதினும் கிம்மும் வஸ்தோச்னி விண்வெளித் தளத்தில் சந்தித்த பிறகு, 2024 ஜூனில் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிறகு, ரஷ்யா பதிலுக்கு என்ன தொழில்நுட்பம் கொடுக்கிறது? இதற்கு விடை தேட வேண்டிய ஐ.நா. நிபுணர் குழுவின் பணிக்காலத்தை நீட்டிக்கும் தீர்மானத்தை 2024 மார்ச் 28 அன்று ரஷ்யா தடுப்பதிகாரத்தால் வீழ்த்தியது. ஏப்ரல் 30-ஆம் தேதியோடு அந்தக் குழு முடிந்தது. அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா உள்ளிட்ட பதினொரு நாடுகள் அதே ஆண்டு அக்டோபரில் தனிக் கண்காணிப்புக் குழு ஒன்றை அமைத்தன; ஆனால் ஐ.நா. ஆணை இல்லாத அதன் அறிக்கைகளை ஒரு பக்கத்தின் ஆவணம் என்று ஒதுக்கிவிட முடியும். மரம் ஏற்றும் வண்டியின் கதையையும் உன்ஹாவின் உள்ளுறுப்புகளையும் எல்லாத் தரப்பும் ஏற்கும்படி பதிவு செய்தது பழைய குழுதான். அப்படியொரு பொது அமைப்பை மீண்டும் நிறுவும்படி பாதுகாப்பு அவையின் உறுப்பு நாடுகள் கேட்க வேண்டும். காண்ட்லாவில் சான்றைத் தன் கையால் எடுத்த இந்தியாவும் கேட்க வேண்டும்.